ஏற்ற வேடமும் ஏந்திய கருவியும்

நுழையும்முன்

விளையாட்டு என்றவுடன் ஓடுகளமும் பந்தும் நினைவுக்கு வருவது இயல்பு. நால்வர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பகடையும் சொல்லும் கொண்டு ஒரு கதைக்குள் வாழ்ந்து பார்க்கும் ஆட்டமும் உலகில் உண்டு. அவ்வாட்டத்தில் ஒருவர் யார், அவரால் எது இயலும், எது இயலாது என்பவற்றை அவர் ஏற்கும் வேடமும் ஏந்தும் கருவியும் முடிவுசெய்கின்றன. தகடூர் நாட்டு வேலையும் நடுகல்லையும் ஒகேனக்கல் பரிசலையும் துணைகொண்டு அவ்வாட்டத்தின் அமைப்பை இப்பாடம் விளக்குகிறது.

கையே முகவரி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சென்றால், காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து விழும் ஒகேனக்கல்லை அடையலாம். நீர்த்திவலை புகைபோல் எழுவதால், ‘புகையும் கல்’ எனப் பொருள்படும் கன்னடப் பெயர் இவ்வூருக்கு அமைந்தது. அருவிக்குச் செல்லும் வழியில் சற்று நேரம் நிற்பவர், எவரையும் வினவாமலேயே அங்குள்ளோரின் தொழிலை அறிந்துகொள்வார். கவிழ்த்த பரிசலைத் தலைமேல் தாங்கி, கையில் ஒற்றைத் துடுப்புடன் நடப்பவர் பரிசலோட்டி. எண்ணெய்ப் புட்டியுடன் பாறையோரம் காத்திருப்பவர் உடம்பு பிடித்துவிடுபவர். மசாலா தடவிய மீனை வாணலியில் புரட்டிக்கொண்டிருப்பவரின் தொழிலைச் சொல்லவே வேண்டியதில்லை. முகம் அறியாத இடத்தில் கையிலுள்ள பொருளே முகவரி ஆகிறது.

இந்த எளிய உண்மையின்மேல் கட்டப்பட்டதுதான் பாத்திரமேற்பு ஆட்டம்.

முடிவு எழுதப்படாத கூத்து

தருமபுரி வட்டாரத்தில் வளரும் மாணவர் தெருக்கூத்தைப் பார்த்திருப்பர். கிரீடமும் புசக்கட்டையும் அணிந்து அபிமன்னன் ஆடுகளத்தில் நுழைகிறான். அவன் எவ்வளவு வீரமாகப் போரிட்டாலும் விடிவதற்குள் இறந்தாக வேண்டும். கதையின் முடிவு கூத்தருக்கும் தெரியும், காண்போர்க்கும் தெரியும். பாத்திரமேற்பு ஆட்டத்திலும் வேடம் உண்டு. ஆனால் முடிவு எழுதப்பட்டிருப்பதில்லை. கதை நடத்துநர் ஒருவர் சூழலை விவரிப்பார். “முன்னே ஓர் ஆறு, அக்கரையில் தீப்பந்தங்கள் தெரிகின்றன, என்ன செய்கிறீர்கள்?” என வினவுவார். ஏனையோர் தத்தம் பாத்திரமாக நின்று விடையளிப்பர். முயற்சி கைகூடியதா, தவறியதா என்பதைப் பகடை சொல்லும். அபிமன்னன் பிழைத்துவிடவும் கூடும்.

இத்தகைய ஆட்டங்களுள் முதலில் நூல்வடிவில் விற்பனைக்கு வந்தது ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன் என்பவரும் இணைந்து இதனை உருவாக்கினர். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக 1974ஆம் ஆண்டு வெளிவந்த இதன் முதற்பதிப்பு 1000 படிகளே. அதற்கு முன்னர்ப் பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்கள் பல இருந்தன. அவற்றில் ஆடுபவர் ஒரு படை முழுவதையும் நடத்தினார். புதிய ஆட்டத்திலோ ஆடுபவர் ஒரே ஒரு மனிதராக மாறினார். படையை இழப்பது கணக்கு. தாம் பெயரிட்டு வளர்த்த ஒருவரை இழப்பது துயரம். ஆட்டத்தின் ஈர்ப்பு இந்த மாற்றத்திலேயே பிறந்தது எனலாம்.

ஆடத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு தாளில் தம் பாத்திரத்தை எழுதிக்கொள்வர். வலிமை, அறிவுக்கூர்மை, விவேகம், உடலுறுதி, சுறுசுறுப்பு, பிறரை ஈர்க்கும் ஆற்றல் என்னும் ஆறு பண்புகளுக்கும் மூன்று பகடைகளை உருட்டி 3 முதல் 18 வரை மதிப்பெண் பெறுவர். அடுத்துப் பாத்திர வகையைத் தேர்வர். அதன்பின் கையிலுள்ள காசுக்கு ஏற்பக் கருவிகளை வாங்குவர். பார்ப்பதற்குக் கடைக்கணக்குப்போல் தோன்றும் இந்தத் தாளில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது.

இயலாமையால் அமையும் வகை

1974ஆம் ஆண்டின் ஆட்டத்தில் மூன்றே பாத்திர வகைகள் இருந்தன: போர்வீரர், மந்திரவாதி, சமயத்துறவி. போர்வீரர் எந்தப் படைக்கலத்தையும் ஏந்தலாம். எந்தக் கவசத்தையும் அணியலாம். மந்திரவாதி குறுவாள் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம். கவசம் அவருக்கு இல்லை. சமயத்துறவி கவசம் அணியலாம். ஆனால் கூர்முனையுள்ள கருவிகளைத் தொடக்கூடாது. தண்டாயுதம் போன்றவற்றையே ஏந்த வேண்டும்.

இவ்விதிகளைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். ஒரு வகை எதனைச் செய்யும் என்பதைக் காட்டிலும், எதனைச் செய்யாது என்பதே அதற்கு வடிவம் தருகிறது. மந்திரவாதிக்கும் கவசம் கிடைத்துவிட்டால் போர்வீரரின் துணை அவருக்குத் தேவைப்படாது. காயத்தைத் தாமே ஆற்றிக்கொள்ளும் போர்வீரருக்குத் துறவி வேண்டியதில்லை. எல்லாம் வல்ல ஒருவர் இருக்குமிடத்தில் குழு தேவையற்றதாகிறது. குழு இல்லையேல் மேசையைச் சுற்றி நால்வர் அமர்வதற்கும் காரணம் இல்லை.

நம் ஊர்த் திண்ணைகளிலும் கோயில் கற்றளங்களிலும் கோடு கீறி ஆடப்படும் ஆடுபுலி ஆட்டம் இந்நுட்பத்தை முன்பே அறிந்திருந்தது. புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி தாவி ஆட்டை வெட்டும். ஆட்டால் வெட்ட இயலாது. வழியடைத்து நிற்கவே இயலும். தனித்து நிற்கும் ஆடு இரை. சேர்ந்து நிற்கும் ஆடுகள் வேலி. சதுரங்கத்தில் இரு தரப்பினரும் ஒரே படையைப் பெறுகின்றனர். இங்கோ இரு தரப்பும் வெவ்வேறு இயல்பின. ஆயினும் ஆட்டம் ஒருபக்கம் சாய்வதில்லை. சமமின்மையைக் கொண்டே சமநிலையை உண்டாக்கியவர் யாரெனப் பெயர் தெரியவில்லை. ஆட்ட வடிவமைப்பில் அவர் பெரும் புலமையர் என்பதில் ஐயமில்லை.

புதிய வகைகளைச் சேர்ப்பது எளிதன்று. 1975ஆம் ஆண்டு வெளிவந்த துணைநூலில் திருடர் என்னும் வகை சேர்க்கப்பட்டது. சுவரேறுதல், ஓசையின்றி நடத்தல், பூட்டைத் திறத்தல் ஆகியவை அவ்வகைக்குரிய திறன்களாயின. உடனே ஒரு வினா எழுந்தது. அதுவரை சுவரேற முயன்ற போர்வீரர் இனி ஏறலாமா, கூடாதா? ஒருவருக்கு ஒரு திறனை உரிமையாக்குவது ஏனையோரிடமிருந்து அதனைப் பறிப்பதாகவும் முடியக்கூடும். இவ்வினா இன்றும் வடிவமைப்பாளரிடையே தீரவில்லை.

தகடூர்க் குழு

மேலைநாட்டுக் கோட்டையையும் பறவைநாகத்தையும் விடுத்து, இவ்வாட்டத்தைத் தகடூர் மண்ணில் அமைத்தால் எவ்வாறிருக்கும்? இன்றைய தருமபுரியே சங்க காலத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நாடு அது. பாத்திர வகைகளுக்கு அங்குப் பஞ்சமில்லை. வேலேந்திய மறவர், யாழேந்திய பாணர், துடி முழக்கும் துடியர், உலைக்களத்துக் கொல்லர், ஆநிரை காக்கும் ஆயர் என அவர் அனைவரும் புறப்பாடல்களில் நடமாடுகின்றனர். திணைக்குரிய கருப்பொருள்களைத் தொகுக்கும் தொல்காப்பியம் உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் தொழிலையும் ஒரே வரிசையில் வைக்கிறது. நிலமும் தொழிலும் கருவியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது அவ்வரிசையின் உட்பொருள். நிரை கவர்வோர் வெட்சியும் மீட்போர் கரந்தையும் சூடினர் என்னும் மரபையும் எண்ணிப் பார்க்கலாம். எடையே இல்லாத கருவி பூ. ஆயினும் போர்க்களத்தில் நண்பரையும் பகைவரையும் பிரித்துக் காட்டியது அதுவே.

இக்குழுவில் ஔவையாரை எவ்வகையில் சேர்ப்பது? அவர் கையில் படைக்கலம் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் அவர். தன் படைக்கலக் கொட்டிலைத் தொண்டைமான் காட்டியபோது, அங்குள்ள கருவிகள் நெய் பூசி, மாலை சூட்டி, புத்தம் புதியனவாக விளங்குவதைப் புகழ்வதுபோல் பாடினார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன எனக் கூறினார். புகழுரைக்குள் எச்சரிக்கை இருந்தது. கொட்டிலில் அடுக்கியிருப்பது உடைமை. பட்டறைக்குப் போய்வருவதே படை.

கருவிகளைக் குறித்து ஆட்ட வடிவமைப்பாளர் கற்கத்தக்க பாடம் இப்பாடலில் உள்ளது. பல ஆட்டங்களில் ஒருமுறை வாங்கிய வாள் என்றும் மழுங்குவதில்லை. மழுங்காத வாளுக்கு முன் கொல்லருக்கு வேலை இல்லை. ஆகவே கொல்லர் என்னும் பாத்திர வகையும் அங்கு உயிர்பெறாது. ஒவ்வொரு போருக்குப் பின்னும் வேலின் முனையைச் சோதிக்கப் பகடை உருட்ட வேண்டும் என ஒரு விதியைச் சேர்த்தால், கொல்லர் அக்கணமே குழுவின் இன்றியமையாத உறுப்பினர் ஆகிவிடுவார். சொல்லால் போரைத் தடுக்கும் பாத்திரத்துக்கு மேலை ஆட்டமும் சற்றுப் பிந்தியே இடமளித்தது. பாடகர் என்னும் வகை அதில் 1976ஆம் ஆண்டுதான் தோன்றியது.

மந்திரப் பொருள் என்பது இவ்வாட்டங்களின் மற்றொரு கூறு. அரிய பொருள் ஒன்று கிடைத்தால் குழுவில் யாருக்கு அது உரியது என்னும் பூசல் எழுவது வழக்கம். தகடூரில் அப்பூசல் எழவில்லை. வாழ்நாளை நீட்டிக்கும் நெல்லிக்கனி அரிதின் முயன்ற அதியமானுக்குக் கிடைத்தது. அதன் பயனை உரைக்காமலேயே அவன் அதனை ஔவையாருக்கு அளித்தான். ஆட்ட அறிவு மட்டும் உடையவர் இதனைப் பிழை என்பார். முன்னணியில் நிற்கும் வீரருக்கே உயிர்காக்கும் பொருள் தேவை என வாதிடுவார். பின்னர்ச் சேரமானுடன் நிகழ்ந்த போர் தகடூரின் வீழ்ச்சியில் முடிந்ததையும் அவர் சுட்டக்கூடும். அதியமான் மறைவுக்குப்பின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலில், அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் உண்கலத்தையும் துளைத்து, புலவரின் நாவிலும் சென்று தைக்கிறது. ஒருவர் வீழ்ந்தால் குழுவில் எவருடைய கருவியும் முன்போல் பயன்படுவதில்லை என்பதை எந்த விதிநூலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

கல்லில் எழுதிய பாத்திரத்தாள்

தருமபுரி மாவட்டமும் அதனையடுத்த செங்கம் பகுதியும் நடுகற்கள் மிகுந்தவை. தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களைத் தொகுத்து 1972ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒரே தன்மையது. அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் ‘தொறு’ எனப்பட்ட ஆநிரையைக் கவரும்போதோ மீட்கும்போதோ பட்ட செய்தி ஆகியவை சில வரிகளில் பொறிக்கப்படும். உருவத்தில் அவன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்பான். சில கற்களில் உடம்பில் அம்புகள் தைத்திருக்கும். புலியோடு பொருது இறந்தவனின் கல்லில் புலியும் இடம்பெறும்.

பெயர், கருவி, செயல், முடிவு என்னும் நான்கே குறிப்புகளில் ஒரு மனிதர் நம்முன் எழுகிறார். அவர் உயரம் என்ன, நிறம் என்ன என்பது கல்லில் இல்லை; கையில் என்ன இருந்தது என்பது இருக்கிறது. பாத்திரத்தாள் எழுதுவோர் பக்கம் பக்கமாக வரலாறு புனைவதைவிட ஒரு நடுகல்லின்முன் சிறிது நேரம் நிற்பது நன்று.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல் தனிச்சிறப்பு வாய்ந்தது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல்லில் வீரனுக்கருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்தது என்றும் கல்வெட்டு கூறுகிறது. விதிநூல்கள் நாயைக் கருவிப் பட்டியலில் விலையிட்டுச் சேர்ப்பதுண்டு. எடுத்தனூர் மக்களோ அதற்குப் பெயர் பொறித்து, பாத்திரமாகவே மதித்தனர்.

சுமையும் ஆறும்

இனிக் கருவிகளின் எடைக்கு வருவோம். முதல் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையைப் பத்தால் பெருக்கி அத்தனை பொற்காசுகளுடன் தொடங்கினர். வாளின் விலை 10 காசு. முழுத் தகட்டுக் கவசத்தின் விலை 50 காசு. 50 அடிக் கயிற்றின் விலை 1 காசு. அறுபது காசு பெற்றவர் வாளையும் கவசத்தையும் வாங்கி மகிழ்ந்தால் கயிற்றுக்குக் காசிராது. பாழ்குழி ஒன்றில் விழுந்த பின்னரே அக்கயிற்றின் மதிப்பு அவருக்கு விளங்கும். வாங்கிய பொருளுக்கு எடையும் உண்டு; அதனை நாணயத்தின் எடையால் அளந்தனர். சுமை கூடக்கூட நடை தளரும். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில், வலிமை மதிப்பெண்ணைப் பதினைந்தால் பெருக்கினால் எத்தனை பவுண்டு வருமோ அதுவே ஒருவர் சுமக்கும் எல்லை.

பலர் இக்கணக்கைச் சலிப்பூட்டுவது எனக் கைவிடுகின்றனர். ஒகேனக்கல்லில் ஆட்டத்தை நடத்துபவரால் அதனைக் கைவிட இயலாது. பரிசல் வட்டவடிவினது, மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி முன்னாளில் தோல் போர்த்தினர், பிற்காலத்தில் நெகிழித்தாளும் தாரும் அவ்விடத்தைப் பிடித்தன. அதற்கு முன்புறம் பின்புறம் என்பது இல்லை. துடுப்பின் திறம் குறைந்தால் ஒரே இடத்தில் சுழலும். நீரில் அது மனிதரைச் சுமக்கிறது. நிலத்தில் மனிதர் அதனைச் சுமக்கிறார். பாறைவழியே அதனைத் தலைமேல் தூக்கிச் செல்பவர் அதே நேரத்தில் வேலும் கேடயமும் ஏந்த இயலாது. ஆகவே மறவர் முன்னே செல்ல வேண்டும். ஆற்றை அடைந்ததும் பரிசலோட்டி சொல்வதை மறவர் கேட்க வேண்டும். தலைமை இடத்துக்கு இடம் கைமாறுகிறது.

நிலத்தில் உயிர்காக்கும் இரும்புக் கவசம் காவிரியில் விழுந்தவரை அடிக்கு இழுத்துச் செல்லும். கரை ஏறும்வரை அதனைக் கழற்றிவைக்க வேண்டும். கழற்றிய நேரத்தில் அக்கரையிலிருந்து அம்பு வந்தால் என்ன செய்வது? சுமைக் கணக்கு சுவைமிக்க கதையாக மாறுவது இவ்விடத்தில்தான். ஒரு கருவி நல்லதா, தீயதா என்று தனியே கூற இயலாது. எங்கு, எப்போது, யார் கையில் என்பவற்றைச் சேர்த்தே கூற இயலும்.

தேர்ந்ததும் பிறந்ததும்

‘கிளாஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லை இப்பாடம் ‘பாத்திர வகை’ என்றே குறிக்கிறது. ‘வகுப்பு’ என்று மொழிபெயர்ப்பது எளிது. ஆயினும் தமிழில் அச்சொல் பள்ளி வகுப்பை மட்டுமன்றிச் சாதியையும் சமயத்தையும் குறித்து வழங்கி வந்துள்ளது. ‘குலம்’ என்பதும் அவ்வாறே. ஆட்டத்தில் ஒருவர் தம் தொழிலைத் தாமே தேர்கிறார். அடுத்த ஆட்டத்தில் வேறொன்றை ஏற்கிறார். நம் சமூகத்தில் பறை முழக்கியவருக்கும் உலைக்களத்தில் உழைத்தவருக்கும் நெடுங்காலம் அத்தேர்வு வழங்கப்படவில்லை. கருவியைப் பார்த்து ஒருவரின் தொழிலை அறிவது வேறு. பிறப்பைப் பார்த்து அவர் கையில் ஒரு கருவியைத் திணிப்பது வேறு. தகடூர் ஆட்டத்தை உருவாக்கும் மாணவர் இவ்வேறுபாட்டை மறந்தால், பழைய கட்டுகளையே புதிய விதிகளாக எழுதிவிடுவர்.

மேலைநாட்டு ஆட்டமும் இச்சிக்கலைச் சந்தித்தது. அதில் பாத்திர வகையோடு பிறப்பினமும் உண்டு. இன்ன இனத்தில் பிறந்தவர் வலியவர், இன்ன இனத்தவர் அறிவு குறைந்தவர் என மதிப்பெண்ணைக் கூட்டியும் குறைத்தும் வந்த விதிகள் கடும் குறைகூறலுக்கு உள்ளாயின. 2020ஆம் ஆண்டு வெளிவந்த துணைநூல் அம்மதிப்பெண்களை ஆடுபவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இடமளித்தது. 2024ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பு ‘இனம்’ என்னும் பொருள்தரும் பழைய சொல்லையே கைவிட்டு, ‘உயிரினம்’ எனப் பொருள்படும் சொல்லை ஏற்றது. பாத்திர வகை என்பதே வேண்டாம் என்றவர்களும் உண்டு. 1978ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரூன்குவெஸ்ட்’ என்னும் ஆட்டத்தில் எவரும் எத்திறனையும் கற்கலாம்; எத்திறனைப் பயன்படுத்துகிறாரோ அதுவே வளரும். வகை தரும் தெளிவு அதில் குறைவு. ஆனால் ஒரு மனிதர் வாழ்க்கையின் நடுவில் வேறொருவராக மாறுவதற்கு அதில் இடம் மிகுதி.

அந்த இடம் எவ்வளவு தேவையானது என்பதை ஆற்றங்கரை காட்டும். கருநாடகத்து அணைகள் நிரம்பி நீர் திறக்கப்படும் நாள்களில், பிலிகுண்டுலுவில் உள்ள நடுவண் நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் காவிரியின் வரத்தைக் கன அடியில் கணக்கிடுகிறது. வரத்து மிகும்போது மாவட்ட நிருவாகம் பரிசல் இயக்கத்துக்கும் அருவியில் குளிப்பதற்கும் தடை விதிக்கிறது. பாதுகாப்பு கருதிய தடை அது. பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. துடுப்பு கையில் இருக்கிறது; அது செல்லும் ஆறு இல்லை; அன்றைய கூலியும் இல்லை. குளிப்பவர் வராததால் எண்ணெய்ப் புட்டியும் திறக்கப்படுவதில்லை.

தகடூர் ஆட்டத்தின் பாத்திரத்தாளில் பெயர், வகை, கருவி, எடை ஆகியவற்றுக்குக் கீழே இன்னும் ஒரு கட்டம் வரையலாம். வெள்ளம் வந்து, ஏந்திய கருவி பயனற்றுப் போகும் நாளில் இப்பாத்திரம் என்ன செய்யும் என்பதை ஆடுபவர் அக்கட்டத்தில் தாமே எழுத வேண்டும்.